ஒரு சோறு பதமாகாது

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைமுகங்களில் திங்கள், புதன், சனி மூன்றும் விசைப்படகுகளின் நாள்கள். டோக்கன் வாங்கி, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பும் படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். மீதி நான்கு நாளும் நாட்டுப்படகுகளுக்கு. பாக் நீரிணையில் ஒருவர் விரித்த வலையை இன்னொருவர் படகு அறுத்துவிடக் கூடாது என்பதற்காக நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு இது. விசைப்படகு திரும்பும் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலையில் மீன் பிரிக்கவும், ஏலத்துக்கு நிற்கவும், கூடை சுமக்கவும் பெண்கள் கரைக்கு வந்துவிடுவார்கள். அந்த வீடுகளில் பிள்ளையை எழுப்பித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் வேலை அப்பாயிக்கோ அக்காவுக்கோ வந்து சேரும்.

மணமேல்குடி வட்டாரத்தில் பெற்றோருடன் வேலை செய்யும் பால்வாடி டீச்சர், கிராம சுகாதாரச் செவிலியர், தலைமையாசிரியர் எவரும் இந்த வாரக் கணக்கை அறிந்துகொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகல். வெள்ளி, விசைப்படகில் போகிறவருக்குத் தோதான நாள், வீட்டில் இருப்பார். நாட்டுப்படகுக்காரருக்கு அது தொழில் நாள். அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் போன்ற ஊர்களில் அது ஜும்ஆ நாள். தொழுகை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரவே இரண்டு மணி தாண்டிவிடும். உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களில் நடவுக்கோ களையெடுப்புக்கோ போகும் தாய்க்கு ஒரு பிற்பகல் என்பது அரைநாள் கூலி. நூறு நாள் வேலையிலோ 2023 முதல் நாளுக்கு இரண்டு முறை படத்துடன் வருகைப் பதிவு கட்டாயம் ஆனது. இரண்டாவது படத்துக்கு ஆள் இல்லை என்றால் அன்றைய கூலியே கேள்விக்குறி.

ஒரே கூட்டத்துக்கு வராத நான்கு வீடுகள், நான்கு காரணங்கள். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது எழும் பேச்சிலோ நான்கு முத்திரைகள் கிடைத்துவிடுகின்றன. “மீன்காரங்க அப்படித்தான்.” “பாய் வீட்டுல பொம்பளைங்கள வெளிய விடமாட்டாங்க.” “காலனிக்காரங்களுக்குப் பிள்ளை படிப்பைப் பத்தி என்ன கவலை.” “அவங்க அகதி முகாம் ஆளுங்க, இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு இருக்க மாட்டாங்க.” இவற்றைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. பெரும்பாலோர் பிள்ளைகள்மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள். அவர்கள் ஏமாற்றத்தில் சொல்கிற சொற்கள் இவை. ஆனால் அந்தச் சொற்களால் ஒரு வேலை முடிந்துபோகிறது. காரணம் தெரிந்துவிட்டதாக மனம் நினைத்துக்கொள்கிறது. அதன் பிறகு யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சமையலில் அது சரியான கணக்கு. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு. ஒன்று வெந்தால் எல்லாம் வெந்திருக்கும். அதே கணக்கை ஊருக்கும் சாதிக்கும் மதத்துக்கும் எடுத்துக்கொண்டு போகும்போதுதான் தவறுகிறோம். கோட்டைப்பட்டினத்து மீனவர் என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே படகு உரிமையாளர் இருக்கிறார், பங்குக்குப் போகிறவர் இருக்கிறார், ஐஸ் உடைக்கிறவர் இருக்கிறார். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு விசைப்படகு, இலங்கைக் கடற்படையுடன் நேர்ந்த மோதலில் மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். ஒரு சிறு படகுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு. அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் ‘மீனவர் பிள்ளைகள்’ என்ற ஒரே கட்டத்தில் போட்டு ஒரே மாதிரி உதவியைக் கொடுத்தால் அது யாருக்குப் பொருந்தும்?

மருத்துவ மானிடவியலில் பெயர்பெற்ற ஆர்தர் கிளைன்மன், பீட்டர் பென்சன் என்பவருடன் சேர்ந்து 2006-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுள்ள நான்கு வயதுப் பையன். தாய் எய்ட்ஸால் இறந்துவிட்டார். மெக்சிகோவைச் சேர்ந்த தந்தை சொன்ன தேதிகளில் பையனைச் சிகிச்சைக்குக் கூட்டிவருவதில்லை. எச்.ஐ.வி. பற்றி அந்தச் சமூகத்துக்கு இருக்கும் வேறுவிதமான நம்பிக்கைதான் காரணம் என்று மருத்துவர்கள் முடிவுகட்டி, பண்பாட்டை விளக்க ஓர் ஆய்வாளரை அழைக்கிறார்கள். அவர் போய்த் தந்தையிடம் பேசுகிறார். தந்தைக்கு நோயைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் சொற்பச் சம்பளத்துக்கு இரவு வெகுநேரம் பஸ் ஓட்டுகிறவர். பையனைக் கூட்டிவர அவருக்கு நேரம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பையனின் சிகிச்சைக்குத் தடையாக இருந்தது பணிநேரம். பண்பாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு மருத்துவமனை நாள்களைக் கடத்தியிருந்தது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு நேர்மாறாக, கேள்வி சரியான பக்கம் திரும்பிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனது. தலித் மக்களின் குடியிருப்பு அது. அங்கிருந்து வரும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் “சுத்தமா வச்சுக்க மாட்டீங்களா” என்று தாயைத்தான் முதலில் கேட்பார்கள். அன்று, குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆட்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது நாட்டுக்கே தெரிந்தது அப்படித்தான். செய்தவர் யார் என்பதில் வழக்கும் மறுப்பும் இன்னும் சர்ச்சையாக இருக்கின்றன. அதற்குள் இங்கே நான் போகவில்லை. தாயின் கையைக் குறை சொல்லாமல் தண்ணீரைச் சந்தேகித்த அந்த ஒரு நொடிதான் என் கவனத்தில் நிற்கிறது.

பெற்றோரைப் பிறப்பால் அளக்கும் பழக்கம் இந்த நாட்டில் வெறும் பேச்சாக மட்டும் இருந்ததில்லை, சட்டமாகவே இருந்தது. 1871-ன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க மறுத்து, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானது பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் அந்தச் சட்டத்தில் உண்டு. பட்டியலிட்ட சமூகங்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் வைக்க அரசுக்கு அதிகாரம் தந்த பிரிவு அது. 1924-ன் வடிவத்தில் ஆறு வயதுக்கு மேல், பதினெட்டுக்குக் கீழ் எல்லோரும் பிள்ளைகள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்ன செய்தாள், என்ன செய்யவில்லை என்று எந்த விசாரணையும் தேவைப்படவில்லை. அவள் எந்தச் சாதியில் பிறந்தாள் என்பதே அவள் கெட்ட தாய் என்பதற்குச் சாட்சி. சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் சட்டம் நீங்கியது. “அந்தச் சனங்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது” என்ற பேச்சு மட்டும் நீங்கவில்லை. நரிக்குறவர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போகும் தொண்டர்கள் அதை இன்றும் கேட்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு காலத்தில் போலீஸ் லத்தியும் பூட்டிய விடுதியும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

வேறோர் இடத்தில் விஷயம் நுட்பமாகிறது. வளர்ப்பு முறைகள் உண்மையிலேயே வேறுபடுகின்றன. எல்லோரும் ஒன்று என்று சொல்லி அதைத் தாண்டிப் போக முடியாது. மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் ஒரு தமிழ்க் குடும்பத்துடன் தங்கி, அந்த வீட்டின் அன்பைப் பற்றி எழுதிய புத்தகம் 1990-ல் வந்தது. தமிழ் வீட்டில் அன்பு எந்தெந்த உருவத்தில் வருகிறது என்று பார்த்தவருக்கு அடக்கம், பழக்கம், கடுமை, பணிவு, எளிமை, அழுக்கு என்ற சொற்கள் கிடைக்கின்றன. தாயின் கண்ணே பிள்ளைக்குப் பட்டுவிடும் என்பதால் அன்பை மறைத்துவைக்கிறார்கள், சில நேரம் கடுமையாகவும் காட்டுகிறார்கள் என்று விளங்கிக்கொள்கிறார். நமக்கு இது புதிதில்லை. அழகான பிள்ளையின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து அழகைக் குறைப்பவர்கள் நாம். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையை “கருவாயா, மூக்கொழுவி” என்று கூப்பிட்டுக் கொஞ்சுகிறவர்கள்.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்த இளம் ஆசிரியை, வாசலில் நிற்கும் தாயிடம் மகளைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்கிறார், “உங்க பொண்ணு நல்லா படிக்கிறா.” தாய் மகளைப் பார்க்காமலே பதில் சொல்கிறார், “எங்க டீச்சர், வீட்டுல ஒரு வேலை செய்யறதில்ல, எந்நேரமும் ஊர் சுத்துறா.” படிப்பில் அக்கறையில்லாத தாய் என்று ஆசிரியை மனத்தில் எழுதிக்கொள்ள இது போதும். ஆனால் அந்தத் தாய் செய்தது, தன் பிள்ளையை நாலு பேர் முன்னால் புகழாமல் காத்தது. ஆசிரியை போன பிறகு சாயங்காலம் சுற்றிப்போட்டிருப்பார்.

அப்படியானால் தமிழ்த் தாய்மார் அன்பை மறைத்துவைப்பவர்கள் என்று ஒரு விதி எழுதிக்கொள்ளலாமா? கூடாது. டிராவிக் பார்த்தது ஒரு குடும்பம். அதை அவர் மறைக்கவும் இல்லை. அதே கடற்கரையில், அதே தெருவில், மகளின் மதிப்பெண் அட்டையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுக் கொண்டாடும் தாயும் இருக்கிறார். வாசலில் அந்தத் தாய் சொன்னதைக் கடுமை என்று எடுத்துக்கொள்வது ஒரு முத்திரை என்றால், எந்தத் தாயின் கடுமையையும் மறைத்த அன்பு என்று எடுத்துக்கொள்வதும் முத்திரைதான். சில வீடுகளில் கடுமை கடுமையாகவே இருக்கிறது. பிள்ளையின் முதுகில் அதற்குத் தடம் இருக்கிறது.

இந்த இரண்டாவது வகைத் தவறு கொல்லவும் கூடியது. விக்டோரியா கிளிம்பியே ஐவரி கோஸ்ட்டில் பிறந்த எட்டு வயதுச் சிறுமி. நல்ல படிப்பு கிடைக்கும் என்று பெற்றோர் ஓர் உறவுக்காரப் பெண்ணுடன் ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார்கள். லண்டனில் அந்தப் பெண்ணும் அவளுடன் வாழ்ந்தவனும் செய்த கொடுமையில் 2000 பிப்ரவரி 25 அன்று இறந்துபோனாள். உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. மருத்துவமனை, போலீஸ், குழந்தைகள் நலத்துறை என்று பலர் அவளை உயிருடன் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண்ணைக் கண்டால் சிறுமி விறைத்து நிற்பதையும் கவனித்திருந்தார்கள். ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்களில் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் காட்டும் மரியாதை அது என்று எண்ணிக்கொண்டார்கள். லார்ட் லேமிங் விசாரணை அறிக்கை 2003-ல் வந்தபோது இது வெளிப்பட்டது. விக்டோரியா தங்கள் வீட்டில் அப்படி நின்றதே இல்லை என்று பெற்றோர் சொன்னார்கள். பண்பாட்டை மதிக்கிறோம் என்று நினைத்தவர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். சிறுமி பயத்தில் நின்றாள்.

இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருவது நம் ஊர்களில் சொல்லப்படும் “அது அவங்க வழக்கம், நாம தலையிட வேண்டாம்” என்ற வாசகம். பதினாறு வயதுப் பெண்ணின் படிப்பு நின்று நிச்சயதார்த்தம் பேசப்படும்போது, அவள் எந்தச் சமூகமோ அந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவள் வீட்டிலேயே அவளுடைய அம்மா அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். வழக்கம் என்று சொல்லி ஒதுங்கியவர் அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் கைவிடுகிறார். 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் பெண்ணின் வயது எல்லாச் சமூகத்துக்கும் 18 என்றே எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, பண்பாட்டைப் பார்க்காமலும் இருக்க முடியாது, அதையே முடிவாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. மேலைநாடுகளில் இதற்கு முதலில் கண்ட வழி பட்டியல்கள். இன்ன நாட்டவர் இப்படிச் சாப்பிடுவார்கள், இன்ன மதத்தவர் பிரசவத்தில் இதைக் கேட்பார்கள் என்று ஊழியர்களுக்குக் கையேடு கொடுத்தார்கள். நல்ல நோக்கத்துடன் அச்சிட்ட முத்திரைகளாகவே அவை முடிந்தன. இதை உடைத்த சிந்தனைகளில் ஒன்று நியூசிலாந்தில் பிறந்தது. இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர், மாவோரி வழக்கங்களை மனப்பாடம் செய்யச் சொல்வதால் பயனில்லை என்றார். செவிலியர் முதலில் தன் பிறப்பையும், தன் பழக்கங்களையும், அந்த அறையில் தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் உணர வேண்டும். சேவை பாதுகாப்பானதா என்று சொல்லும் உரிமை அதைப் பெறுகிறவருக்கே உண்டு என்பது அவர் வாதம். 1992-ல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் இதைப் பயிற்சியில் சேர்த்தது. கிளம்பிய எதிர்ப்பும் பெரியது. கையேட்டை மனப்பாடம் செய்வதைவிடத் தன்னைப் பார்த்துக்கொள்வது கடினம்.

நம்மிடம் அதிகாரம் எப்படி நிற்கிறது என்பதைச் சிசிலியா வான் ஹோலன் என்ற ஆய்வாளர் 1990களில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஏழைப் பெண்களின் பிரசவத்தைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் புத்தகமாக எழுதினார். அந்தப் பெண்கள் மருத்துவமனையை வேண்டாம் என்றவர்கள் இல்லை, வந்தவர்கள். வந்த இடத்தில் பட்ட வசைதான் அவர்களைத் தயங்கவைத்தது. வெளியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் அறியாமையாகத் தெரிந்தது. அதன் பின் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. கர்ப்பம் பதிவாகி எண் வாங்கினால்தான் தவணைகள் வரும். பணத்துக்காகத்தான் பதிவு செய்கிறார்கள் என்று சொல்லும் குரலையும் கேட்டிருக்கிறேன். கூலி வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் மாதங்களில் அந்தப் பணம் அரிசியும் பருப்பும்.

அந்தத் திட்டத்துக்குப் பெயர் தந்தவர் கதையும் இந்த மாவட்டத்துக் கதைதான். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது முதல்வரும் மாணவர்களின் பெற்றோரும் எதிர்த்தார்கள். பெண் என்பது ஒரு காரணம். அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பது இன்னொன்று. அந்தத் தாய் மகளை எப்படி வளர்த்தார், என்ன படிக்கவைத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. பிறப்பு போதுமானதாக இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். முத்துலட்சுமி 1912-ல் மருத்துவரானார், 1927-ல் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார், 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார். மணமேல்குடியில் இன்று ஒரு கர்ப்பிணி கையில் வைத்திருக்கும் படிவத்தின் தலையில் இருப்பது, தாயின் பிறப்பைச் சொல்லிக் கல்லூரி வாசலில் தடுக்கப்பட்ட ஒரு மகளின் பெயர்.

பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதை எடுத்துக்கொள்வோம். செவிலியர்களுக்கும் குடும்பங்களுக்கும் இடையில் அடிக்கடி உரசல் வரும் இடம் அது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கூடாது, தேன் ஒரு வயதுக்குள் ஆகவே ஆகாது என்பது மருத்துவம்; இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் சொல்லும் விதம் இருக்கிறது. இந்துக் குடும்பத்தில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால்தான் நல்ல மனிதர் யார் என்று தேடி அழைக்கிறார்கள். முஸ்லிம் குடும்பத்தில் பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் வாயில் தடவும் வழக்கம், பெரியவரின் துஆவோடு சேர்ந்தது. இரண்டிலும் இருப்பது ஒரு பெரியவரின் நன்மை பிள்ளைக்குச் சேர வேண்டும் என்ற ஆசை. “மூடநம்பிக்கை” என்று வெடுக்கென்று சொல்லும் செவிலியர் முன்னால் குடும்பம் தலையாட்டும். வீட்டுக்குப் போய்ச் செய்யும். “யார் சேனை வைக்கறதா இருக்கீங்க?” என்று கேட்டு, அந்தப் பெரியவரையே கூப்பிட்டு, பிள்ளையை மடியில் கொடுத்து, வாயில் எதுவும் வைக்காமல் வாழ்த்தச் சொல்லும் செவிலியர் அந்த வீட்டில் ஒரு துணையைச் சம்பாதிக்கிறார். இதற்கு அந்தச் சமூகத்தின் வரலாறு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

தடுப்பூசி விஷயத்திலும் இதே பாடம்தான். 2017 பிப்ரவரி 6 அன்று தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது; 9 மாதம் முதல் 15 வயது வரை 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போடுவது இலக்கு. வாட்ஸ்அப் வதந்தியால் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது ஒரு மதத்தவர் மட்டும் தடுக்கிறார்கள் என்று பேசப்பட்டது. தயங்கியவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். நகரத்துத் தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த, நன்றாகப் படித்த பெற்றோரும் இருந்தார்கள். படித்தவரின் தயக்கம் ‘சந்தேகம்’ என்று மரியாதையாகப் பேசப்பட்டு விளக்கம் தரப்பட்டது. மற்றவரின் தயக்கம் அவருடைய மதமாகிவிட்டது.

வெளிநாட்டில் நமக்கே இது நேரும்போது நாம் கொதிக்கிறோம். 2011-ல் நார்வேயின் ஸ்டாவஞ்சரில் ஒரு வங்கத் தம்பதியின் இரண்டு பிள்ளைகளைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துச் சென்றது. கையால் ஊட்டியதும், பிள்ளையைக் கூடவே படுக்கவைத்ததும் குற்றமாகப் பார்க்கப்பட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள். பண்பாடு காரணமில்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். 2012-ல் பிள்ளைகள் இந்தியா வந்தார்கள். 2023-ல் அது இந்திப் படமாகவும் வந்தது. தமிழ் வீடுகளிலும் அந்தச் செய்தி பேசப்பட்டது, கையால் ஊட்டாத தாய் உண்டா என்று. அதே நாம், செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஒடிசா, பீகார் பெற்றோரை ‘வடக்கன்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம். அவர்களில் ஒடியா பேசுகிறவர் வேறு, போஜ்புரி பேசுகிறவர் வேறு, சந்தாலி பேசும் பழங்குடியினர் வேறு. அறந்தாங்கிக்கு அருகே அழியாநிலையிலும், தோப்புக்கொல்லையிலும், லேணாவிளக்கிலும் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களோ நம் மொழியே பேசுகிறவர்கள். அவர்களைக்கூட ‘அகதி’ என்ற சொல்லுக்கு அப்பால் தெரிந்துகொள்ள எத்தனை பேர் முயன்றிருக்கிறோம்? 2021-ல் அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. அங்கே இருக்கும் இளம் பெற்றோரில் பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்கள்.

‘இந்தச் சனங்கள் இப்படித்தான்’ என்ற சொல்லை இந்த மாவட்டம் ஒருமுறை பொய்யாக்கிக் காட்டியிருக்கிறது. 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் எழுத்தறிவுடன் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டமாட்டார்கள், முஸ்லிம் பெண்கள் வரவே மாட்டார்கள் என்றார்கள். வந்தார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், பால்வாடிப் பணியாளர்கள், கூலிப் பெண்கள், முஸ்லிம் பெண்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதினார். அவர் குறித்துவைத்த ஒரு சிறு விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்கள் பலர் ‘லேடீஸ்’ சைக்கிளைவிட ‘ஜென்ட்ஸ்’ சைக்கிளை விரும்பினார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஓடும் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். பெண்ணுக்கு இன்ன சைக்கிள்தான் என்று வெளியிலிருந்து தீர்மானித்தவர்களுக்கு அந்தக் கம்பியின் பயன் தெரிந்திருக்க வழியில்லை. அது தாய்க்குத்தான் தெரியும். 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

மணமேல்குடிக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. பெரியபுராணம் சொல்லும் குலச்சிறை நாயனார் இந்த ஊர்க்காரர். எதிரே வரும் அடியார் எந்தக் குலம், நல்லவரா கெட்டவரா என்று பார்க்காமல் வணங்குவார் என்பதுதான் அவருக்குச் சேக்கிழார் தரும் அடையாளம். அந்த வணக்கத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. திருநீறு இட்டவருக்கு மட்டுமே அது கிடைத்தது. சமணர்களைக் கழுவேற்றிய கதையிலும் அதே குலச்சிறையார் வருகிறார். நம் ஆட்களுக்குள் வேறுபாடு பாராட்டாமல் இருப்பது பாதி வழிதான். மீதி வழி, நம் ஆள் இல்லாதவரின் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும். அந்தப் பெற்றோர் வந்து உட்கார முடியாத நேரத்தில் கூட்டம் நடந்தால் அந்த விகிதம் காகிதத்தில்தான் இருக்கும். நேரத்தோடு பணமும் கணக்கில் வர வேண்டும். விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதும் அதே ஜூனில். கையில் காசில்லாத அந்த வாரங்களில் நோட்டு வாங்கவில்லை என்று கடற்கரைப் பிள்ளையை நிற்கவைக்காதீர்கள். மணமேல்குடி வட்டாரத்தில் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறிவிப்பு எழுதுவதற்கு முன்னால், சென்ற முறை வராத பத்து வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள். “உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் தோது?” பத்துப் பதில்கள் வரும். அவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.